‘உறவுமுறை’ என்ற கட்டத்தில் யார் பெயரை எழுதுவது?

பொன்மலையான் | 3 நவம்பர் 2025, காலை 6:10

வணக்கம். பல மாதங்களாக இங்கே படித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை.

வயது 66. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக 37 ஆண்டுகள் வேலை பார்த்து 2019இல் ஓய்வு பெற்றேன். திருச்சியில் சிறிய சொந்த வீடு. திருமணம் செய்துகொள்ளவில்லை. தன்பாலீர்ப்பு உள்ளவன். இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதியதும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் தொடர்கிறேன்.

ஓய்வூதியக்காரர்களுக்கு நவம்பர் என்றால் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்கும் மாதம். முன்பு வங்கியில் வரிசையில் நிற்க வேண்டும். இப்போது கைபேசியில் முகத்தைக் காட்டினால் போதும். நேற்று அதை முடித்தேன். நான் உயிரோடு இருப்பதற்குச் சாட்சி சொல்ல எனக்கு இன்னொருவர் தேவைப்படவில்லை. ஆனால் உடம்புக்கு ஒன்று என்றால் தேவைப்படுகிறார். அதைக் கேட்கத்தான் இந்த இழை.

இரண்டு ஆண்டுகளாகப் புராஸ்டேட் வீக்கம். இரவில் ஐந்தாறு முறை எழுந்திருக்கிறேன். மாத்திரையில் குறையவில்லை, அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்றார்கள். ஆகஸ்டில் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் துணிப்பையோடு போனேன். சேர்க்கைப் படிவத்தில் ‘உடன் இருப்பவர் பெயர்’, ‘உறவுமுறை’ என்று இரண்டு கட்டங்கள். இரண்டையும் காலியாக விட்டேன். மேசையில் இருந்த இளம்பெண் மரியாதையாகத்தான் கேட்டார்: “அம்மா வரவில்லையா ஐயா? பிள்ளைகள்?” யாரும் இல்லை என்றேன். “ரத்த சம்பந்தம் உள்ளவர் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் சேர்க்க முடியும்” என்றார்கள். என் அக்காவுக்கு 72 வயது, தென்காசிப் பக்கம், முழங்கால் வலியால் வாசற்படி இறங்குவதில்லை. அவர் மகன் புனேயில். பையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அன்று பஸ்ஸில் வரும்போது வழியில் இரண்டு இடங்களில் இறங்கிக் கழிப்பறை தேட வேண்டியிருந்தது.

எனக்குப் பணக் கவலை இல்லை. ஓய்வூதியம் வருகிறது. பணிக்கொடையில் ஒரு பகுதியை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருக்கிறேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வருகிறது. சமைக்கத் தெரியும். தனிமையும் பழகியதுதான், சிறிய நிலையங்களில் இரவுப் பணி பார்த்தவனுக்கு அது புதிதல்ல. அந்தக் கட்டம்தான் தெரியவில்லை. என் வயதுக்காரர்கள், என்னைப் போன்றவர்கள், அதில் யார் பெயரை எழுதுகிறீர்கள்?

நொய்யல் | 3 நவம்பர், காலை 8:42

ஐயா, எனக்கு 28 வயது. கோயம்புத்தூர். நம்மைப் போன்ற ஒருவர் 66 வயது வரை வாழ்ந்து, சொந்த வீட்டில் காபி போட்டுக் குடித்துக்கொண்டு இருக்கிறார் என்பதை நான் இன்றுதான் முதல் முறையாகப் படிக்கிறேன். உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நன்றி சொல்ல மட்டும் வந்தேன்.

வைகை மருத்துவர் | 3 நவம்பர், இரவு 9:30

ஐயா, நான் மதுரையில் பொது மருத்துவராக இருக்கிறேன். முதலில் சட்டம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். சுயநினைவோடு இருக்கும், விஷயம் புரிந்த, 18 வயதைக் கடந்த ஒருவரின் சிகிச்சைக்கு அவருடைய சம்மதம்தான் சம்மதம். 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அந்த வழக்கில் நோயாளி மயக்கத்தில் இருந்தபோது அவர் தாயிடம் கையெழுத்து வாங்கி, நோயாளி சம்மதிக்காத அறுவை சிகிச்சை ஒன்றைச் செய்துவிட்டார்கள். அது செல்லாது என்றது தீர்ப்பு. ஆகவே ரத்த சம்பந்தம் கட்டாயம் என்று உங்களைத் திருப்பி அனுப்பியது மருத்துவமனையின் வழக்கமே தவிரச் சட்டம் அல்ல.

ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். உடன் ஒருவர் வேண்டும் என்று நாங்கள் கேட்பது கையெழுத்துக்காக மட்டும் அல்ல. ரத்தம் தேவைப்பட்டால் ஓட, மயக்கம் தெளியும்போது பக்கத்தில் இருக்க, சிறுநீர்க் குழாயோடு வீட்டுக்குப் போன முதல் வாரத்தில் காய்ச்சல் வந்தால் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். அவர் யாராகவும் இருக்கலாம். ‘நண்பர்’ என்று எழுதுங்கள், போதும். மறுத்தால் கண்காணிப்பாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

தள்ளிப் போட வேண்டாம். சிறுநீர் முழுதும் அடைத்துக்கொண்டால் அவசர சிகிச்சையாகிவிடும். நாள்பட்ட அடைப்பு சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இன்னொன்று. உங்கள் மருத்துவரிடம் நீங்கள் யார் என்று சொல்லியிருக்கிறீர்களா?

பொன்மலையான் | 4 நவம்பர், காலை 5:55

சொன்னதில்லை டாக்டர். ஒருவரிடமும் சொன்னதில்லை.

காரணத்தை எழுதுகிறேன். ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஏ-2 என்று ஒரு மருத்துவத் தகுதி உண்டு. கண் பார்வை முதல் எல்லாவற்றையும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை ரயில்வே மருத்துவர் சோதிப்பார். 1986இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் முந்தைய இரவு நான் தூங்கியதில்லை. ஊசியில் எடுக்கும் ரத்தத்தில் நான் யார் என்பது தெரிந்துவிடும் என்று நினைத்தேன். படித்தவன்தான், ஆனாலும் அப்படி நினைத்தேன். வேலை போய்விடும், குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்வார்கள், அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று ஒவ்வொன்றாக மனத்தில் ஓடும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின்படி என் விருப்பமே குற்றமாக இருந்த காலம் அது. டாக்டர் முன் வாயைத் திறக்காமல் இருப்பது உடம்பிலேயே ஊறிவிட்டது.

வைகை மருத்துவர் | 4 நவம்பர், மதியம் 2:15

அந்தப் பயத்தில் நீங்கள் தனி ஆள் இல்லை ஐயா. இதே காரணத்துக்காகச் சோதனைக்கே வராமல், முற்றிய பிறகு கொண்டுவரப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனம் ஆறவில்லை.

இப்போது நிலைமை வேறு. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது, முடிவையும் வெளியே சொல்லக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஒழுங்காக மருந்து எடுப்பவர்கள் உங்கள் வயதையும் தாண்டி வாழ்கிறார்கள். தன்பாலீர்ப்பை ‘மாற்றுகிறேன்’ என்று சொல்லும் சிகிச்சைகள் மருத்துவத் தொழில் ஒழுங்குக்கு எதிரானவை என்று 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்துவிட்டது. அதற்கு வழி செய்தது சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் தந்த உத்தரவு.

மருத்துவரிடம் ஏன் சொல்ல வேண்டும் என்றால், சொன்னால்தான் சரியான சோதனையை எழுதுவார். 60 வயதைத் தாண்டியவர்களிடம் உடலுறவு பற்றி நாங்கள் கேட்பதே இல்லை. அது எங்கள் குறை. ஹெப்படைடிஸ் பி, சிஃபிலிஸ், எச்.ஐ.வி. மூன்றையும் ஒருமுறை பாருங்கள். ஃப்ளூ தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள். நிமோனியா, அக்கி இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு, கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். புராஸ்டேட்டுக்கு பி.எஸ்.ஏ. என்ற ரத்தச் சோதனை பார்த்திருப்பார்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உங்களுக்கே தெரியும்.

நடுநிலை | 4 நவம்பர், மாலை 6:20

பெரியவரை மதிக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. கணவனை இழந்த பெண்கள், திருமணம் ஆகாத பிரம்மச்சாரிகள், பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் பெற்றோர் என்று எல்லாருக்கும்தான் இந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. இது முதுமையின் பிரச்சினை. இதில் தன்பாலீர்ப்பை ஏன் கொண்டுவர வேண்டும்? சொல்லாமலே ஒரு நண்பரை வைத்துக் காரியத்தை முடித்துக்கொள்ளலாமே.

தாழை | 4 நவம்பர், இரவு 7:05

நடுநிலை அவர்களே, கணவனை இழந்த பெண்ணிடம் ஊரே வந்து உட்கார்ந்து அழும். அந்த வேறுபாட்டை யோசித்துப் பாருங்கள். மீதியைப் பெரியவரே சொல்லட்டும்.

பொன்மலையான் | 5 நவம்பர், காலை 4:50

நடுநிலை தம்பி நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார். பதில் சொல்ல வேண்டியது என் கடமை. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1988 முதல் 1991 வரை காவிரி டெல்டாவில் ஒரு சிறிய நிலையத்தில் இருந்தேன். மீட்டர்கேஜ், ஒற்றைத் தடம். ஒற்றைத் தடத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்துவிடக் கூடாது என்பதற்காக டோக்கன் முறை உண்டு. அடுத்த நிலையத்தோடு பேசி, தடம் காலி என்ற ‘லைன் கிளியர்’ வாங்கி, கருவியிலிருந்து ஓர் எஃகுப் பந்தை எடுத்து, தோல் பையில் வைத்து, பிரம்பு வளையத்தில் கட்டி எஞ்சின் டிரைவரிடம் கொடுக்க வேண்டும். அந்தப் பந்து கையில் இல்லாமல் எந்த டிரைவரும் வண்டியை அந்தத் தடத்தில் செலுத்த மாட்டார். நிற்காமல் போகும் வண்டிக்கு வளையத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடைமேடையில் நிற்க வேண்டும். டிரைவர் கையை வளையத்துக்குள் விட்டு வாங்கிக்கொண்டு போவார். இரவில் பக்கத்தில் ஒரு தீப்பந்தம் இருக்கும். வழக்கமாக வளையத்தைத் தடம் மாற்றும் ஊழியரான பாயிண்ட்ஸ்மேன்தான் கொடுப்பார். ஒரு குறிப்பிட்ட வண்டிக்கு மட்டும் நானே போவேன்.

அந்த வண்டியின் டிரைவர்தான் என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே ஆள். பெயர் வேண்டாம், குடும்பம் இருக்கிறது. அவருக்கு அப்போதே திருமணமாகி ஒரு பெண் குழந்தை. பிறகு நான் மாற்றலாகிப் போனேன். எத்தனை தடவை நேரில் பார்த்துப் பேசினோம் என்று எண்ணியே சொல்லிவிடலாம். கடிதம் எழுத முடியாது. தொலைபேசி என்றால் கண்ட்ரோல் போன்தான், ஊரே கேட்கும். ஊட்டி மலை ரயிலில் ஒருமுறை சேர்ந்து போக வேண்டும் என்று பேசிக்கொள்வோம். பல்சக்கரம் பூட்டி ஏறும் எஞ்சினை டிரைவராக இல்லாமல் பயணியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. போகவே இல்லை.

2014இல் மாரடைப்பில் இறந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்னால், 2013 டிசம்பர் 11 அன்றுதான், 377ஆம் பிரிவிலிருந்து டில்லி உயர் நீதிமன்றம் 2009இல் கொடுத்த விடுதலையை உச்ச நீதிமன்றம் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தது. சாவுக்குப் போனேன். தொழிற்சங்கத்தின் மாலையைச் சுமந்து போக ஓர் ஆள் தேவைப்பட்டது, நான் வாங்கிக்கொண்டேன். அந்த வீட்டு வாசலுக்குள் கால் வைக்க எனக்கு இருந்த ஒரே உரிமை அந்த மாலைதான். மாலையைப் போட்டுவிட்டுப் பின்வரிசைக்கு வந்து நின்றேன். அன்று இரவு பத்து மணிக்குப் பணி. போய்ப் பார்த்தேன்.

மனைவியை இழந்தவருக்குத் துக்கம் விசாரிக்க ஆள் வரும். என்னை இன்று வரை ஒருவரும் விசாரித்ததில்லை, விசாரிக்க வேண்டிய காரணம் ஒருவருக்கும் தெரியாது என்பதால். 66 வயதில் நான் கேட்பது இதைத்தான் தம்பி. என் பக்கத்தில் உட்காரப் போகும் ஆளுக்கு நான் யாரை இழந்தவன் என்பது தெரிந்திருக்க வேண்டும். மயக்கம் தெளியும்போது நான் ஒரு பெயரை உளறினால், அது யார் பெயர் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

நடுநிலை | 5 நவம்பர், காலை 9:12

மன்னித்துவிடுங்கள் ஐயா. எனக்கு இது தோன்றவில்லை. உங்கள் இழப்புக்கு என் வருத்தங்கள்.

நொய்யல் | 5 நவம்பர், காலை 9:30

என் வருத்தங்களும் ஐயா.

பனங்காடு | 5 நவம்பர், காலை 10:04

அண்ணா, ஆழ்ந்த அனுதாபம். பதினொரு வருடம் பிந்திச் சொல்கிறேன், ஏற்றுக்கொள்ளுங்கள்.

நான் யாழ்ப்பாணம். 1986இல் கனடா வந்தேன், இப்போது வயது 63, ஸ்கார்பரோவில் இருக்கிறேன். இங்கே 1969இலேயே குற்றச் சட்டத்தை மாற்றிவிட்டார்கள், 2005இல் திருமணமும் வந்துவிட்டது. ஆனால் நான் வந்து இறங்கியபோது இந்த நாட்டுச் சட்டத்தைவிட நம் சனத்தின் வாய்க்குத்தான் அதிகம் பயந்தேன். எனக்கு 20 வருடமாக ஒரு துணை உண்டு. ஒன்டாரியோவில் ஒருவருக்கு நினைவு தவறினால் அவருக்காக வைத்திய முடிவு எடுக்க யாருக்கு அதிகாரம் என்று முன்பே எழுதி வைக்கலாம். நாங்கள் இருவரும் எழுதி வைத்திருக்கிறோம். ஆஸ்பத்திரியில் ஒருவரும் எங்களைக் கேள்வி கேட்டதில்லை.

ஊருக்குப் போவதுதான் கஷ்டம். இலங்கையில் நம்மைக் குற்றவாளியாக்கும் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன. 1883ஆம் ஆண்டுச் சட்டம். 1995இல் திருத்தியபோது நீக்குவதற்குப் பதில் பெண்களையும் சேர்த்துவிட்டார்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. போகும்போது இரண்டு அறை எடுக்கிறோம், ‘கூட வேலை செய்தவர்’ என்று சொல்கிறோம். தேர் அன்று அவர் என் பக்கத்தில்தான் நிற்கிறார். போன முறை வடத்தில் கை வைத்தார்.

பயணம் பற்றி அனுபவத்தில் ஒன்று. வெளிநாட்டுப் பயணக் காப்புறுதி எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நோய் பற்றிய பகுதியைக் கண்ணாடி போட்டு வாசியுங்கள். நோய் இத்தனை மாதமாக மாற்றமில்லாமல் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். பிரஷர் மாத்திரையின் அளவை வைத்தியர் கூட்டினாலே சில நிறுவனங்கள் அதை மாற்றம் என்று கணக்கெடுக்கும்.

சாளரம் | 6 நவம்பர், இரவு 11:48

எனக்கு 71. அந்தக் கட்டத்தில் எழுத மனைவி இருக்கிறார். 44 ஆண்டுகளாக ஒரு குறையும் வைக்காத பெண். இரண்டு பிள்ளைகள், மூன்று பேரக் குழந்தைகள். போன ஆண்டு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது வராந்தா முழுக்க உறவினர்கள். மயக்க மருந்து கொடுக்கும் முன் எனக்கு வந்த பயம் உளறிவிடுவேனோ என்பதுதான். பொன்மலையான் எழுதியதைப் படித்தபோது கை நடுங்கியது. அவர் எதை உளற விரும்புகிறாரோ அதற்குத்தான் நான் பயந்தேன்.

யாரும் பதில் எழுத வேண்டாம். எழுதத் தோன்றியது.

பொன்மலையான் | 7 நவம்பர், காலை 5:30

பதில் வேண்டாம் என்றீர்கள். ஆனாலும் படித்தேன் என்று மட்டும் சொல்ல அனுமதியுங்கள் ஐயா. தினமும் காலையில் நான் இங்கே இருப்பேன்.

வழக்காடி | 7 நவம்பர், மதியம் 1:20

நான் வழக்கறிஞர், சென்னை. பெரியவர் கேட்ட கட்டத்தை நிரப்புவது ஒரு நாள் வேலை. அதற்குப் பின்னால் இருக்கும் காகிதங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஐயா, உங்கள் வீடு, வைப்புத்தொகை எல்லாம் உங்களுக்குப் பிறகு யாருக்கு? உயில் இல்லை என்றால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் முடிவு செய்யும். மனைவி, பிள்ளைகள், தாய், தந்தை யாரும் இல்லாத ஆணுக்கு அடுத்து உடன்பிறந்தவர்கள், அதாவது உங்கள் அக்கா. அதுதான் உங்கள் விருப்பம் என்றால் நல்லது. இல்லை என்றால் உயில் எழுதுங்கள். வெள்ளைத் தாளில் எழுதினாலும் செல்லும். நீங்கள் கையெழுத்திட, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். யாருக்கு எழுதுகிறீர்களோ அவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் பதிவு செய்யுங்கள். பின்னால் யாராவது வந்து ‘கிழவருக்கு அப்போது புத்தி சரியில்லை’ என்று சொல்வதைத் தடுக்க அது உதவும்.

வங்கியில் நாமினி போட்டுவிட்டேன், போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான், உரிமையாளர் அல்ல. உயில் வேறு, நாமினி வேறு. இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் சண்டை வராது. இந்த நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். தன்பாலீர்ப்பாளர்கள் கூட்டுக் கணக்கு தொடங்கவோ துணையை நாமினியாக்கவோ தடை இல்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் விளக்கம் கொடுத்திருக்கிறது. அதே மாதம் சுகாதார அமைச்சகம், நெருங்கிய உறவினர் இல்லாதபோது துணைவர் உடலைப் பெற்றுக்கொள்ளலாம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. மாலையைச் சுமந்து போனதாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு இந்த வரியை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பவர் பத்திரம் பற்றியும் கேட்பீர்கள். கனடா அண்ணா சொன்ன ஏற்பாடு இங்கே அப்படியே இல்லை. நமது சட்டத்தில், எழுதிக் கொடுத்தவருக்கு நினைவும் புத்தியும் தவறினால் பவரும் முடிந்துவிடும். தேவைப்படும் நேரத்தில்தான் அது உதவாது. அதற்குப் பதில் முன்கூட்டிய மருத்துவ உத்தரவு ஒன்றை எழுதுங்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. முதலில் மாஜிஸ்திரேட் முன் கையெழுத்து என்று இருந்ததை 2023 ஜனவரியில் எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் போட்டால் போதும் என்றார்கள். இனி மீள வழியில்லை என்ற நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதலாம். உங்கள் சார்பில் பேச வேண்டிய பாதுகாவலர் அல்லது நெருங்கிய உறவினர் பெயரைக் குறிப்பிடலாம், ஒருவருக்கு மேலும் குறிப்பிடலாம். பாதுகாவலர் இடத்தில் நண்பரை எழுதலாம் என்பது என் வாசிப்பு.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் திருமண உரிமை தர மறுத்தது எங்களில் பலருக்கு இன்னும் ஆறாத காயம். ஆனால் இந்த ஆண்டு மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைய வழி திருமணம் மட்டுமே அல்ல, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பமே என்றது. பெற்றோர் அடைத்து வைத்த ஓர் இளம்பெண்ணை மீட்ட வழக்கு அது. முதியவர்களுக்கும் அந்த வரி பயன்படும் நாள் வரும் என்று நம்பித்தான் நான் வேலை செய்கிறேன்.

தாழை | 7 நவம்பர், மாலை 5:45

வழக்காடி சொல்வது எல்லாம் சரி. ஆனால் காகிதம் ஆம்புலன்ஸில் ஏறி வராது. எனக்கு 58. நானும் என் தோழியும் சென்னையில் 20 ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்கிறோம். கொரோனா காலத்தில் எங்களுக்குக் கை கொடுத்தது தெருவில் இருந்த நான்கு வீடுகள்தான். எங்களை என்னவென்று அவர்கள் வாய்விட்டுக் கேட்டதில்லை. ரசம் வைத்துக் கேட்டில் மாட்டிவிட்டுப் போனார்கள்.

ஐயா, தினமும் காலை எட்டு மணிக்குள் ஒரு வணக்கம் அனுப்பும் ஐந்து பேர் கொண்ட குழு எங்களுடையது. ஒருவரிடமிருந்து வரவில்லை என்றால் ஒன்பதுக்குள் கூப்பிடுவோம்; எடுக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டு எண் எல்லாரிடமும் இருக்கிறது. உங்களையும் சேர்த்துக்கொள்கிறோம். சாளரம் ஐயாவுக்கும் இடம் உண்டு. வெறும் வணக்கம்தான், வேறு எதுவும் எழுத வேண்டியதில்லை.

நொய்யல் | 7 நவம்பர், இரவு 8:00

ஐயா, அக்காவிடமே சொல்லிவிடுங்களேன். 72 வயதில் அவர் என்ன செய்துவிடப் போகிறார்?

பொன்மலையான் | 8 நவம்பர், காலை 5:40

தம்பி, என் அக்காவை எனக்குத் தெரியும். கோபிக்க மாட்டார். ‘நான்தான் உனக்கு நேரத்தில் பெண் பார்க்கவில்லை’ என்று தன்னையே நொந்துகொள்வார். சாகும்வரை அந்தக் குற்றவுணர்ச்சியோடு இருப்பார். அந்தப் பாரத்தை நான் அவர் முதுகில் ஏற்ற மாட்டேன். இது பயத்தால் எடுத்த முடிவு அல்ல, இருபது ஆண்டுகளாக யோசித்து எடுத்தது.

ஆனால் வேறொருவரிடம் சொல்லலாம் என்று நேற்று முடிவு செய்தேன். எழுதுகிறேன்.

பொன்மலையான் | 16 நவம்பர், மாலை 4:15

சொன்னேன்.

டெல்டா நிலையத்தில் என்னோடு இருந்த பாயிண்ட்ஸ்மேன். என்னைவிட மூன்று வயது சிறியவர், அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். கும்பகோணம் பக்கத்தில் வீடு, மாடு, கொஞ்சம் நிலம். தீபாவளி, பொங்கலுக்கு இன்றும் தொலைபேசியில் கூப்பிடுவார். வெள்ளிக்கிழமை பாசஞ்சரில் போனேன். இரண்டு மணி நேரம் மழை, நெல், உரவிலை என்று பேசிக்கொண்டிருந்தேன். பிறகு தொழுவத்துப் பக்கம் நின்றுகொண்டு சொன்னேன். நினைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. “அந்த டிரைவர் எனக்கு வெறும் சிநேகிதர் இல்லை” என்றுதான் வந்தது.

அவர் மாட்டுக்குத் தவிடு கலக்குவதை நிறுத்தவில்லை. “தெரியும் சார். அந்த ஒரு வண்டிக்கு மட்டும் என் கையிலிருந்து வளையத்தை வாங்கிக்கொண்டு நீங்களே போவீர்களே” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “சாவுக்கு நானும் வந்திருந்தேன். உங்கள் பக்கத்தில்தான் நின்றேன். நீங்கள் பார்க்கவில்லை” என்றார்.

34 ஆண்டுகள். ஒருவருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் ஒரு மனிதர் அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பொங்கலுக்குப் பொங்கல் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

மருத்துவமனை விஷயம் கேட்டதும் தேதியை மட்டும் சொல்லுங்கள் என்றார். டிசம்பர் 2.

வைகை மருத்துவர் | 16 நவம்பர், இரவு 10:10

மிக்க மகிழ்ச்சி ஐயா. இரண்டு குறிப்புகள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் போன்ற மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் இப்போதே அறுவை மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். அறுவைக்குப் பிறகு சில நாட்கள் சிறுநீரில் ரத்தம் கலந்து வரும், பயம் வேண்டாம். கட்டியாக வந்தாலோ அடைத்தாலோ உடனே வாருங்கள். ஆறு வாரம் கனம் தூக்குவதும் நீண்ட பயணமும் வேண்டாம்.

பொன்மலையான் | 19 டிசம்பர், காலை 6:05

தாமதத்துக்கு மன்னிக்கவும். காலை வணக்கக் குழுவில் இருப்பவர்களுக்குச் செய்தி முன்பே தெரியும்.

வேறு மருத்துவமனைக்குப் போனேன். படிவத்தில் பாயிண்ட்ஸ்மேனின் பெயரை எழுதி, உறவுமுறை கட்டத்தில் ‘நண்பர்’ என்று எழுதினேன். மேசையில் இருந்தவர் படித்துப் பார்த்து முத்திரை குத்தினார். வேறு கேள்வி இல்லை. அதற்கு முன்பே அறுவை மருத்துவரிடம் நான் யார் என்பதையும் சொல்லிவிட்டேன். தலையை ஆட்டிவிட்டு மூன்று சோதனைகளைக் கூடுதலாக எழுதினார். மூன்றிலும் ஒன்றும் இல்லை. நாற்பது ஆண்டுகளாக அஞ்சிய காகிதம் அது. வாங்கிப் படித்துவிட்டு வராந்தா பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான்கு நாட்கள் அவர் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தார். மயக்கம் தெளியும்போது ஏதாவது உளறினேனா என்று கேட்டேன். “லைன் கிளியர் கேட்டீர்கள் சார். கொடுத்துவிட்டேன் என்று சொன்னதும் தூங்கிவிட்டீர்கள்” என்றார்.

இப்போது இரவில் ஒருமுறைதான் எழுந்திருக்கிறேன். உயிலுக்கும் மருத்துவ உத்தரவுக்கும் பொங்கல் கழித்துத் தேதி வாங்கியிருக்கிறேன். வீடு அக்காவுக்கும் அவர் மகனுக்கும். வைப்புத்தொகையில் ஒரு பகுதி வேறு ஒரு காரியத்துக்கு. அது எனக்கும் வழக்காடி அம்மாவுக்கும் தெரிந்தால் போதும். என் சார்பில் பேச வேண்டியவர் இடத்தில் பாயிண்ட்ஸ்மேன் பெயர், அடுத்து தாழை அவர்கள் பெயர்.

பனங்காடு | 19 டிசம்பர், காலை 9:40

அண்ணா, ஊட்டி மலை ரயில் பயணம் எப்போது?

பொன்மலையான் | 19 டிசம்பர், மாலை 7:00

பிப்ரவரி 6. நேற்றுதான் முன்பதிவு செய்தேன். இரண்டு டிக்கெட். மழைக்காலத்தில் மண்சரிவால் மலை ரயிலை அடிக்கடி நிறுத்திவிடுவார்கள், பிப்ரவரியில் அந்தத் தொல்லை இல்லை. காலை 7:10க்கு மேட்டுப்பாளையத்தில் புறப்படும். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத் தண்டவாளம் தொடங்கும். பன்னிரண்டடிக்கு ஓர் அடி ஏற்றம், குன்னூர் வரை எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போகும். உதகமண்டலம் போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பெட்டியில் கழிப்பறை கிடையாது, வழியில் நிற்கும் நிலையங்களில்தான். ஆகஸ்டில் என்றால் நினைத்துப் பார்த்திருக்கவே முடியாது.

பாயிண்ட்ஸ்மேன் ஜன்னல் ஓரம் வேண்டாம் என்கிறார். அதில் நீங்கள் உட்காருங்கள் சார், எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது நான் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்கிறார்.

நொய்யல் | 19 டிசம்பர், இரவு 7:25

ஐயா, நான் கோயம்புத்தூர்தான். 6ஆம் தேதி காலை ஆறரை மணிக்கு மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்கு வரலாமா? இட்லி கொண்டு வருகிறேன், மூன்று பேருக்கு.

பொன்மலையான் | 20 டிசம்பர், காலை 5:35

வாருங்கள் தம்பி. சட்னி தனியாகக் கட்டிக்கொண்டு வாருங்கள், சாம்பார் வேண்டாம், பெட்டியில் இடம் குறைவு. முதல் நடைமேடையில் நிற்பேன். நீல ஸ்வெட்டர்.